பண்டித இரமாபாய்: எவர்க்கும் அடங்காத இறைப்பற்று

சமயப்பற்று மிக்க ஒருவர் பொதுவாழ்வில் இறங்கும்போது, அவரது சமயம் அவரை அதிகாரத்தின் பக்கம் நிறுத்துகிறதா, அல்லலுறுவோர் பக்கம் நிறுத்துகிறதா? நம் வட்டத்தின் கூட்டங்களில் மணிமேகலை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இவ்வினாவும் உடன் எழுந்ததுண்டு. பௌத்தத்தைத் தழுவிய அவ்விளம்பெண் அமுதசுரபியைக் கையிலேந்திப் பசித்தோரைத் தேடிச் செல்கிறாள்; மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள்; பின்னர்த் தானே அரசியின் சிறைக்கும் ஆளாகிறாள். காப்பியத்தில் நாம் வியந்து படிக்கும் இத்தகைய வாழ்வு ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் மராட்டிய மண்ணில் உண்மையாகவே நிகழ்ந்தது. பண்டித இரமாபாய் சரசுவதி என்னும் கிறித்தவப் பெண்மணியின் வாழ்வே அது.

இரமாபாய் 1858 ஏப்ரல் 23-ஆம் நாள் மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டுப்பகுதியில் பிறந்தார். தந்தை அனந்த சாத்திரி டோங்ரே, சித்பாவன அந்தணர், வடமொழிப் பெரும்புலவர். பெண்கள் வடமொழி பயிலலாகாது என்றிருந்த காலத்தில் அவர் தம் இளம் மனைவி இலட்சுமிபாய்க்கு அம்மொழியைக் கற்பித்தார். அதன்பொருட்டுச் சமயத்தலைவர்கள் முன் நின்று தம் செயலை நூல்வழி நிலைநாட்ட வேண்டியிருந்தது. காட்டில் குடிலமைத்து வாழ்ந்ததும் இதன் விளைவே. தாயிடமிருந்து மகளுக்கு அக்கல்வி வந்தது. பாகவதத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்களையும் இளமையிலேயே இரமாபாய் மனப்பாடம் செய்திருந்தார் என்பர்.

செல்வம் கரைந்தபின் குடும்பம் தலந்தோறும் சென்று புராணம் வாசித்துப் பிழைத்தது. பல்லாண்டுகள் தென்னாட்டுத் திருத்தலங்களிலேயே கழிந்தன. சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது அவர்கள் திருப்பதி மலைக்காட்டில் இலைகளையும் நீரையும் உண்டு பதினொரு நாள்கள் கிடந்தனர். கையிலிருந்த பொருளெல்லாம் தானத்திலும் பூசையிலும் முன்பே தீர்ந்துவிட்டிருந்தது. உடலுழைப்பு அந்தணர்க்குத் தகாது என்னும் எண்ணமும், இரந்துண்ண இடங்கொடாத மானமும் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தன. கூலிவேலைக்குச் செல்வதாகத் தமையன் சீனிவாசர் முன்வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1874-இல் தந்தை இறந்தார். சில வாரங்களில் தாயும் இறந்தார். பின்னர்த் தமக்கையும் மறைந்தார். மரணப் படுக்கையில் பசித்துக் கிடந்த தாய்க்காக அண்டை வீட்டு வாயிலில் ஒரு துண்டு ரொட்டி கேட்கச் சென்ற பதினாறு வயதுப் பெண், நாவெழாமல் கண்ணீர் பெருக்கி நின்றதைப் பிற்காலத்தில் தாமே எழுதிவைத்தார். அவர் வாழ்வின் பிற்பகுதியை விளங்கிக்கொள்ள இந்த வாயிற்படியை நினைவில் வைத்தல் வேண்டும்.

அண்ணனும் தங்கையும் பல ஆயிரம் மைல்கள் நடந்தனர். வடக்கே ஆற்றங்கரைக் குளிரில் போர்வையின்றி, மணலில் குழி தோண்டித் தலை மட்டும் வெளியே தெரியக் கிடந்து உறங்கினர். 1878-இல் கல்கத்தா சேர்ந்தனர். அங்கேதான் இரமாபாயின் புலமை உலகறிந்தது. அறிஞர் அவை அவரைச் சோதித்துப் பார்த்துப் பண்டிதை எனவும் சரசுவதி எனவும் பட்டம் வழங்கியது. அந்நகரில்தான் அவர் முதன்முறையாகக் கிறித்தவர் கூட்டமொன்றுக்கும் சென்றார். நாற்காலிகளின் முன் மண்டியிட்டவர்களைக் கண்டு, இவர்கள் நாற்காலிகளை வழிபடுகின்றனர் போலும் என்று இருவரும் எண்ணிக்கொண்டனராம்!

பெண்களின் கடமை பற்றிச் சாத்திரங்கள் கூறுவதை அந்தப்புரப் பெண்களுக்கு எடுத்துரைக்குமாறு கல்கத்தா அறிஞர்கள் அவரைப் பணித்தனர். அதற்காகத் தரும நூல்களை ஆழ்ந்து கற்றபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. எண்ணற்ற செய்திகளில் தம்முள் மாறுபடும் அந்நூல்கள், பெண்ணும் சூத்திரரும் இழிந்தோர் என்பதிலும் அவர்க்குத் தாமே வீடுபேறு எய்தும் தகுதியில்லை என்பதிலும் மட்டும் ஒருமித்து நின்றன. அந்நூல்களைப் பழித்துப் பிறர் எழுதியவற்றைப் படித்து அவர் இம்முடிவுக்கு வந்தாரல்லர் என்பது கருதத்தக்கது. மூலநூல்களை மூலமொழியில் கற்றமையாலேயே வந்தார். கேசவ சந்திர சென் வேதநூல் ஒன்றை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னதும் இக்காலத்தில்தான்.

1880-இல் சீனிவாசர் இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் வங்காள வழக்குரைஞர் விபின் விகாரி மேதாவியை இரமாபாய் பதிவுமணம் செய்துகொண்டார். மணமகன் அந்தணரல்லர், சாதிப் பிரிவில் சூத்திரராகக் கருதப்பட்டவர். பத்தொன்பது மாதங்கள்கூட நீளாத இல்வாழ்க்கை அது. 1881 ஏப்ரலில் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவர் வாந்திபேதியால் மாண்டார். இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையுடன் இரமாபாய் கைம்பெண்ணானார்.

அவ்வாண்டே புனே சென்று ஆரிய மகிளா சமாஜம் நிறுவினார். பெண்களுக்கான நீதிநூலொன்றை மராட்டியில் எழுதினார். அரசின் கல்விக்குழு ஹண்டர் தலைமையில் புனே வந்தபோது அதன் முன் சான்றளித்தார். பெண்பள்ளிகளுக்குப் பெண் ஆசிரியரே வேண்டும், பெண்டிர்க்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்பன அவர் கோரிக்கைகள். ஆண் மருத்துவரிடம் நோயைச் சொல்ல நாணிப் பெண்கள் மடிவதை அவர் எடுத்துரைத்த முறை குழுத்தலைவரின் உள்ளத்தைத் தொட்டது. அச்சான்றுரை ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுப் பரவியது. கிறித்தவராவதற்கு முன்பே இரமாபாய் பொதுவாழ்வில் காலூன்றியிருந்தார் என்பதற்கு இஃதொன்றே போதும்.

மருத்துவம் பயிலும் எண்ணத்துடன் 1883-இல் இங்கிலாந்து சென்றார். செவித்திறன் குறைவு அவ்வெண்ணத்தைத் தடுத்தது. வாண்டேஜ் என்னுமூரில் கன்னியர் மடமொன்றில் தங்கினார். சமயம் மாறும் நோக்கம் புறப்பட்டபோது அவருக்கு இல்லை. இலண்டனை அடுத்த புல்ஹாம் என்னுமிடத்தில் அம்மடத்துச் சகோதரியர், நெறிதவறியோர் எனச் சமூகம் தள்ளிய பெண்களை இழிவுபடுத்தாது பேணியதை அவர் கண்டார். பிறந்த நாட்டில் அத்தகைய பெண்களுக்குத் தண்டனை விதிப்பதையே அவர் கண்டிருந்தார். இப்பரிவுக்கு வேர் எது என்று வினவியபோது, இயேசு சமாரியப் பெண்ணைக் கிணற்றடியில் சந்தித்த வரலாற்றைச் சகோதரி ஒருவர் படித்துக் காட்டினார். 1883 செப்டம்பர் 29-ஆம் நாள் தாயும் மகளும் திருமுழுக்குப் பெற்றனர். அதற்குச் சிறிது காலத்திற்கு முன்பே உடன்வந்த தோழி ஆனந்திபாய் பகத் தம்முயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். அத்துயரின் நிழலிலேயே இம்முடிவு அமைந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது.

தாயகத்தில் சினம் மூண்டது. இரமாபாயைப் போற்றிய புனே ஏடுகள் தூற்றத் தொடங்கின. சோதிராவ் புலே ஒருவரே அவர் சார்பில் எழுதத் துணிந்த பெருமகன் எனலாம். ஆயினும் மதம் மாறிய பண்டிதை, மாற்றியவர்களின் கைப்பொருளாகிவிட்டார் என்று எண்ணியோர் ஏமாந்தனர். செல்டனாம் மகளிர் கல்லூரியில் அவர் ஆண் மாணாக்கருக்கும் கற்பிக்கலாமா என்ற வினா எழுந்தபோது பேராயர்கள் தடை கூறினர். இந்தியாவில் அவரது மதிப்புக் குறையும் என்றனர். தம் நாட்டில் ஆடவர் பேரவைகளில் உரையாற்றிப் பழகிய இரமாபாய், தமக்குத் தகுவது எது என முடிவு செய்ய இவர்கள் யார் என்று மடல்களில் வாதிட்டார். சிலுவையில் இலத்தீன் எழுத்துகள் பொறித்துத் தந்தபோது, வடமொழியினும் இலத்தீனுக்கு என்ன சிறப்பு எனக் கேட்டார். மூவொருமை பற்றிய திருச்சபையின் வரையறைகளைக் காரணம் கேட்காமல் ஏற்க மறுத்தார். தாம் ஏற்றது கிறித்துவையேயன்றி இங்கிலாந்துத் திருச்சபையின் ஆணைகளை அன்று என்பது அவர் நிலைப்பாடு. புலாலுண்ணாமையை இறுதிவரை விடவில்லை. அவருடைய வழிகாட்டியான சகோதரி செரால்டின் இப்போக்கைச் செருக்கு என்று கருதினார். இருவரிடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து 1977-இல் நூலாக வெளிவந்துள்ளது. சமய வரலாற்றிலும் பெண் வரலாற்றிலும் ஆர்வமுடையோர் அதனைக் கட்டாயம் பயிலுதல் வேண்டும்.

வகுப்பில் இவரைப்பற்றிக் கூறும்போது மாணவியர் என்னிடம் முதலில் வினவுவது குழந்தை மனோரமாவைப் பற்றித்தான். அந்தக் கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் தாய் ஊரூராகச் சொற்பொழிவாற்றிய காலத்தில் மகள் வாண்டேஜ் மடத்தில் வளர்ந்தாள். சிறுமிக்கு எந்தச் சமயக் கோட்பாட்டைக் கற்பிப்பது என்பதிலும் தாய்க்கும் மடத்துக்கும் வழக்கு நிகழ்ந்தது. பொதுப்பணிக்கு வீட்டில் யார் விலை கொடுக்கிறார்கள் என்னும் வினாவுக்கு இரமாபாயின் வாழ்வும் எளிதான விடை தரவில்லை.

1886-இல் உறவினரான ஆனந்திபாய் சோசி மருத்துவப் பட்டம் பெறும் விழாவுக்காகப் பிலடெல்பியா சென்றவர் அங்கே ஏறத்தாழ மூன்றாண்டுகள் தங்கினார். உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலைபற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1887-இல் வெளிவந்து பெருவரவேற்புப் பெற்றது. பாஸ்டன் நகரில் அவர் பெயரால் அமைந்த சங்கம் பத்தாண்டுகள் பொருளுதவி செய்ய உறுதி கூறியது. கைம்பெண்களுக்கான பள்ளி தொடங்க வேண்டும், அங்கே சமயப் பரப்புரை கூடாது என்பன உடன்பாடு.

அவ்வாறே 1889 மார்ச் 11-ஆம் நாள் பம்பாய்ச் சௌபாத்தியில் சாரதா சதனம் திறக்கப்பட்டது. கலைமகளின் பெயரைத் தாங்கிய அந்த இல்லத்தில் இந்து மாணவியர் தத்தம் ஆசாரப்படி உண்ணவும் வழிபடவும் இடமிருந்தது. அங்கு முதலில் சேர்ந்த கைம்பெண் கோதுபாய் 1893-இல் தோண்டோ கேசவ கார்வேயை மறுமணம் செய்தார் என்பதும் குறிக்கத்தக்கது. 1889 டிசம்பரில் பம்பாயில் கூடிய காங்கிரசு மாநாட்டில் பேராளராகப் பங்குகொண்ட சில பெண்களுள் இரமாபாயும் ஒருவர். அதனையொட்டி நடந்த சமூகச் சீர்திருத்த மாநாட்டில் கைம்பெண்களின் தலையை மழிக்கும் வழக்கத்தை எதிர்த்துப் பேச எழுந்தார். அவையில் இரைச்சல் அடங்கவில்லை. பெண்குரல் கேட்கவில்லையெனில் அதில் வியப்பில்லை, பல நூற்றாண்டுகளாக அக்குரல் வலுப்பெற ஆடவர் இடமளிக்கவில்லையே என்னும் கருத்துப்படச் சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடர்ந்தார்.

1890-இல் இல்லம் புனேக்கு மாறியது. அங்கேதான் பெருஞ்சோதனை காத்திருந்தது. இரமாபாய் தம் அறையில் மகளுடன் நாள்தோறும் வேண்டுதல் செய்வார், அறைக்கதவைத் தாழிடுவதில்லை. வருமாறு எவரையும் அழைக்கவில்லை, வந்தவரை விலக்கவுமில்லை. மாணவியர் சிலர் வந்து அமரலாயினர். திலகரின் கேசரி இதனை மறைமுக மதமாற்றம் எனச் சாடியது. ஆலோசனைக் குழுவிலிருந்த இரானடேயும் பண்டார்க்கரும் 1893-இல் விலகினர். இருபதுக்கும் மேற்பட்ட மாணவியரைப் பெற்றோரும் காவலரும் அழைத்துச் சென்றனர்.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம்? பல்லாண்டுகளாக இதனை எண்ணி வருகிறேன். சமயம் கற்பிக்கப்படாது என்னும் உறுதியை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைத்தவர்களின் அச்சத்தைத் தள்ளிவிட இயலாது. இரானடே போன்ற சான்றோர் காரணமின்றி விலகார். மறுபுறம், தாம் வாழும் வீட்டில் தாம் வணங்கும் கடவுளைக் கதவடைத்து மறைவாக வணங்கவேண்டும் என்று ஒருவரைப் பணிக்க எவர்க்கு உரிமையுண்டு? மற்ற மாணவியர் தத்தம் அறையில் தத்தம் வழிபாட்டைச் செய்ய உரிமை பெற்றிருந்ததுபோல் தமக்கும் உரிமையுண்டு என்பது அவர் வாதம். அவ்வாதம் பிழையன்று. ஆயினும் ஆசிரியரின் அறையும் மாணவியின் அறையும் நிகரல்ல என்பதை ஓர் ஆசிரியை என்ற முறையில் நான் அறிவேன். அன்புக்குரிய ஆசிரியரின் திறந்த கதவு, சொல்லாமலே அழைக்கும். இதனை இரமாபாய் போதிய அளவு உணர்ந்திருந்தார் என்று என்னால் கூற இயலவில்லை.

1896-97-இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் பரவியது. திருப்பதிக் காட்டின் பசி அவரை வீட்டிலிருக்க விடவில்லை. அப்பகுதிகளுக்குச் சென்றார். நிவாரண முகாம்களில் இளம்பெண்களின் பசியை வாய்ப்பாக்கி அவர்தம் மானத்தை விலைபேசுவோரைக் கண்டார். சுமார் முந்நூறு பெண்களை அழைத்து வந்தார். அந்நேரம் புனேயில் கொள்ளைநோய். புதியவர்களை நகரில் தங்கவைக்கலாகாது என அதிகாரிகள் தடுத்தமையால், புனேக்குக் கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் கேட்காவில் தாம் வாங்கியிருந்த நூறு ஏக்கர் நிலத்தில் அவர்களைக் குடியமர்த்தினார். முக்தி இல்லம் இவ்வாறு பிறந்தது.

இங்கு நாம் நின்று நோக்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. கொள்ளைநோய்த் தடுப்பு என்ற பெயரில் அரசு அமைத்த மருத்துவமனையிலும் ஒதுக்கிட முகாமிலும் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்றும், தம் இல்லத்துப் பெண்ணொருத்தியே அங்குச் சீரழிந்தாள் என்றும் 1897 மே மாதத்தில் பம்பாய்க் கிறித்தவ இதழொன்றில் இரமாபாய் வெளிப்படையாக எழுதினார். பிரித்தானிய நாடாளுமன்றத்தில் இதுகுறித்து வினா எழுந்தது. ஆளுநர் சாண்டர்சுட்டுப் பிரபு குற்றச்சாட்டை மறுத்தார். இரமாபாய் பின்வாங்கவில்லை. கிறித்தவ ஆட்சியின் பெருமையைக் காப்பது கிறித்தவரின் கடமை என்று அவர் கருதவில்லை. அதே ஆண்டில் அதே அரசைக் கண்டித்தெழுதிய திலகர் சிறை புகுந்தார். ஒருவரையொருவர் எதிர்த்த இருவரும் அவ்வாண்டில் ஓர் அதிகாரத்தின் முன் தனித்தனியே நின்றனர். ஆயினும் தேசிய வரலாறு எழுதியோர் இதனைச் சேர்த்தெண்ணவில்லை. வெள்ளையர் சமயத்தைத் தழுவியவர் வெள்ளையர் ஆட்சியைத் தாக்கினார் என்பது அவர்கள் வகுத்த கட்டங்களுள் அடங்கவில்லை போலும்.

1899-1900-இல் குசராத்துப் பஞ்சத்தின்போது மேலும் பலர் வந்தனர். முக்தியில் வாழ்ந்தோர் தொகை ஆயிரத்து ஐந்நூற்றைக் கடந்தது. கிணறு வெட்டினர், பயிர் செய்தனர், தறி நெய்தனர், செக்காட்டினர். பார்வையற்றோர்க்குப் பிரெயில் எழுத்தை மனோரமா கற்பித்தார். வாழ்வில் வழுக்கியோர்க்கென்று தனியே கிருபா சதனம் எழுந்தது. புல்ஹாமில் கண்டதை இரமாபாய் மறந்தாரல்லர். தானமாகப் பெறும் உணவு மட்டும் போதாது, கையில் தொழிலும் வேண்டும் என்பது அவ்வில்லத்தின் அடிப்படை. தந்தையின் குடும்பம் உழைக்க அறியாமையால் காட்டில் மடிந்ததை நினைந்தால் இதன் வேர் விளங்கும்.

1900-க்குப் பின் அவர் அரசியல் மேடைகளை நாடவில்லை. இந்து சமயத்தைப் பற்றிய அவர் எழுத்தில் கடுமை ஏறியது. அயல்நாட்டு நன்கொடையாளர்க்கென எழுதிய பகுதிகளில் அது மிகுதி. தாய்வழி தாம் பெற்ற செல்வத்தையே அவர் சில இடங்களில் சிறுமைப்படுத்திவிட்டார் என்பது என் வருத்தம். 1919-இல் அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. ஆனால் அவர் நெஞ்சம் அப்போது பதக்கங்களில் இல்லை, மொழியில் இருந்தது.

கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்துக்கு அவர் வாழ்வின் இக்கடைசிப் பகுதியே மிகவும் உரியது. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் அவர் விவிலியம் முழுவதையும் மராட்டியில் பெயர்த்தார். அதற்கென எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். வழக்கிலிருந்த மராட்டிய விவிலியம் வடசொல் மிகுந்து, ஊர்ப்புறப் பெண்ணின் செவிக்கு எட்டாததாக இருந்தது என்பது அவர் குறை. வடமொழிப் புலமைக்காகப் பட்டம் பெற்றவர், தம் மொழிபெயர்ப்பிலிருந்து வடசொற்களை ஒவ்வொன்றாகக் களைந்தார். எளிமை ஒன்றே நோக்கமன்று. பழைய தத்துவச் சாயல் படிந்த சொல், புதிய பொருளோடு கலந்து மயக்கும் என்றும் அவர் அஞ்சினார். தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் வடசொற் கலப்புப் பற்றி நடந்த வழக்குகளை அறிந்த நமக்கு இச்சிக்கல் புதிதன்று. ஆயினும் வடமொழியை அறியாமல் அதனை விலக்குவது வேறு. பதினெண்ணாயிரம் சுலோகங்களை நாவில் வைத்துக்கொண்டு, வயலில் வேலை செய்யும் பெண்ணுக்காக அச்சொற்களை ஒதுக்கிவைப்பது வேறு. எழுதுவோர்க்கு அதன் அருமை தெரியும்.

1921 சூலையில் மனோரமா இறந்தார். தமக்குப்பின் முக்தியை நடத்துவாள் என்று நம்பியிருந்த ஒரே மகளை இழந்தபின்னும் இரமாபாய் அச்சுப்படிகளைத் திருத்துவதை நிறுத்தவில்லை. அப்பணி முடிந்த சிறிது காலத்தில், 1922 ஏப்ரல் 5-ஆம் நாள், கேட்காவில் உயிர் நீத்தார். அந்நூலை அச்சிட்டவர்களும் முக்தி அச்சகத்துப் பெண்களே. பஞ்சக் காலத்தில் எலும்பும் தோலுமாக அழைத்து வரப்பட்டு, எழுத்தறிந்து, ஈய எழுத்துகளைக் கோக்கக் கற்றவர்கள் அவர்களுள் இருந்தனர். ஆசிரியர் மறைந்தபின் எஞ்சியிருந்த வேலையை அக்கைகளே செய்து முடித்தன.